திறக்கப்படாத இரண்டாவது கழிவறை: பினாங்கில் இளம் ஊழியர்கள் தங்கிய ஒரு வீட்டைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில், நான்கு இளம் நற்செய்தி ஊழியர்கள் தங்கியிருந்த வாடகை வீடே இந்த ஆய்வின் பொருள். பணி ஓய்வு பெற்ற பிறகு விருப்பத்தின் பேரில் ஊழியத்துக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதியர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டைப் பார்வையிட்டு அறிக்கை எழுதி வந்தனர். அவர்களுடைய கடைசி அறிக்கையில் வீட்டுக்கு ‘மிக நன்று’ என்ற மதிப்பீடு கிடைத்தது. அதற்கடுத்த மாதமே வீட்டில் இருவருக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. பார்வையிட்டவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று சொல்ல இடமில்லை. கையிலிருந்த படிவத்தின் ஒவ்வொரு வரியையும் நேர்மையாகவே நிரப்பியிருந்தார்கள். அப்படியிருந்தும் வீட்டுக்குள்ளேயே இருந்த ஆபத்து அவர்கள் பார்வைக்கு எப்படித் தப்பியது என்பதே கேள்வி.

இவ்வட்டாரத்துத் தமிழ்ச் சபை ஒன்றில், வெளியூரிலிருந்து வரும் ஊழியர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் குழுவில் நான் இருக்கிறேன். சபையின் பெயர், கட்டடத்தின் பெயர், வீட்டு உரிமையாளர், தம்பதியர், இளைஞர்கள் ஆகிய எல்லா அடையாளங்களும் இங்கே விடப்பட்டுள்ளன.

வீடும் அதில் இருந்தவர்களும்

சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பியதை மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரம் சொல்கிறது. அதே முறையில் இளையோரை அயல்நாடுகளுக்கு அனுப்பும் சபைகளில் உலகெங்கும் அதிகம் அறியப்பட்டது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அங்கே இளைஞர்கள் 24 மாதமும் இளம்பெண்கள் 18 மாதமும் ஊழியம் செய்கிறார்கள். 2012 அக்டோபரில் அச்சபை ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19-இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-இலிருந்து 19 ஆகவும் குறைத்தது. வேறு சில சபைகளும் ஏறத்தாழ இதே வயதினரைத்தான் அனுப்புகின்றன. தாயின் சமையலறையை விட்டு வந்து சில வாரங்களே ஆன ஒருவர், தான் அறியாத நாட்டில், தனக்குப் பழக்கமில்லாத எரிவாயு அடுப்பையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிர்வகிக்கத் தொடங்குகிறார் என்பதே இதன் நடைமுறைப் பொருள். மூத்த தம்பதியர் தங்கள் செலவிலேயே வந்து அலுவலகக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வீட்டுப் பராமரிப்பு போன்றவற்றைக் கவனிப்பது இந்த இடைவெளியை நிரப்பத்தான். கணவனும் மனைவியுமாகச் செல்வதால், இளம்பெண்கள் தங்கும் வீடுகளுக்குள் செல்வதற்கும் அவர்களுக்குத் தடை இருப்பதில்லை.

ஜெலுத்தோங் வீட்டில் இருந்த நால்வரில் ஒருவர் அமெரிக்கர், ஒருவர் பிலிப்பீன்ஸ் நாட்டவர், ஒருவர் சபா மாநிலத்தைச் சேர்ந்தவர், மற்றொருவர் சென்னையிலிருந்து வந்தவர். வீட்டில் மூன்று படுக்கையறைகளும் இரண்டு கழிவறைகளும் இருந்தன. பெரிய அறையை ஒட்டிய கழிவறையின் ஃபிளஷ் பழுதாகி நெடுநாளாகியிருந்தது. அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்ட இளைஞர்கள், ஊழியம் முடித்துப் போனவர்கள் விட்டுச் சென்ற பெட்டிகளை அதன் கதவுக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். எனவே அது இருந்தும் இல்லாத அறையாகிவிட்டது.

பழுதை யாரிடமும் சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. மலேசியாவில் அயல்நாட்டு சமய ஊழியர்கள் குறிப்பிட்ட கால நுழைவு அனுமதியின் பேரில் தங்குகிறார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. ஆகவே வந்து இறங்கிய நாளிலேயே இளைஞர்களுக்குச் சொல்லப்படுவது, அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு தராமல் அடக்கமாக இருங்கள் என்பதுதான். அறிவுரை சரியானது. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அதை ‘கட்டட நிர்வாக அலுவலகத்துக்குப் போய் எதையும் கேட்காதே, வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைக்காதே’ என்று விரித்துப் பொருள் கொண்டார்கள். இரண்டு மாத வாடகை முன்பணமும், தண்ணீர், மின்சாரத்துக்கென அரை மாத முன்பணமும் உரிமையாளர் கையில் இருக்கும் வழக்கம் அந்தத் தயக்கத்தை இன்னும் வளர்த்தது. எதைச் சொன்னாலும் அதில் பிடித்துக்கொள்வார் என்று அஞ்சினார்கள்.

பார்வை நாளில் நடந்தது

வருகை ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. இளைஞர்கள் தங்கள் வாராந்தர ஓய்வு நாளை முழுக்கச் சுத்தம் செய்வதிலேயே செலவிட்டார்கள். அடுப்பு துலங்கியது, படுக்கை விரிப்புகள் துவைக்கப்பட்டன, குளிர்சாதனப் பெட்டியில் காலாவதியான பால் கொட்டப்பட்டது. தம்பதியர் வாழைப்பழக் கேக்குடன் வந்தார்கள்; ஒவ்வொருவரின் வீட்டு நலத்தையும் கேட்டார்கள்; ஊர் ஏக்கத்தில் இருந்த பிலிப்பீன்ஸ் இளைஞரோடு அந்த அம்மையார் நெடுநேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். பார்வையின் பயனை எடைபோடும்போது இதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அந்த இளைஞர் இடையிலேயே ஊர் திரும்பாமல் இருந்ததற்கு அந்தப் பேச்சுதான் காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

அதன் பிறகு படிவம் எடுக்கப்பட்டது. குளிர் நாடுகளில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட படிவம் அது. புகை உணர்வி உண்டா, கார்பன் மோனாக்சைடு உணர்வி உண்டா, வெப்பமூட்டியின் வடிகட்டி மாற்றப்பட்டதா, முதலுதவிப் பெட்டி உண்டா, குளியலறையில் மின்கசிவுப் பாதுகாப்பு உண்டா எனக் கேள்விகள் வரிசையாக இருந்தன. மூடிய வீட்டில் எரிபொருளால் அறையைச் சூடாக்கும் ஊர்களில் கார்பன் மோனாக்சைடு உயிர்க்கொல்லி. ஆண்டு முழுவதும் சன்னல் திறந்திருக்கும் பினாங்கில் அதற்கு அந்த அளவு முதலிடம் தேவையில்லை. மின்கசிவுக் கேள்வி இன்னும் சுவாரசியமானது. அமெரிக்க வீடுகளில் அந்தப் பாதுகாப்பு குளியலறைச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெரியவர் அதைக் குளியலறையில் தேடினார், காணாமல் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டார். உண்மையில் அது வாசற்கதவுக்கு மேலிருந்த மின்பெட்டிக்குள் இருந்தது. நீர் சூடேற்றி போன்ற ஈரமான இடத்துக் கருவிகளுக்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அந்தப் பெட்டியில் அது இருந்தது. ஆனால் அதன் சோதனைப் பொத்தானை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எவரும் அழுத்திப் பார்த்ததில்லை. உள்ள கருவி இல்லை என்று எழுதப்பட்டது, அது வேலை செய்கிறதா என்ற கேள்வி கேட்கப்படவே இல்லை.

படிவத்தில் இல்லாதவையோ இவ்வூரில் மிக முக்கியமானவை. வாசலில் மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கதவு, அதற்குப் பூட்டு, சன்னல்களிலும் கிரில். இரவில் கிரிலைப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு உறங்குவது மூத்த இளைஞரின் வழக்கம். 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் அதிகாலையில் தீப்பிடித்து 23 பேர் இறந்தபோது, சன்னல்களின் இரும்புக் கிரில்களே பிள்ளைகள் தப்பிக்க முடியாமல் தடுத்தன என்பது மலேசியர்களுக்கு மறக்கக்கூடிய செய்தியல்ல. உள்ளூர்க்காரர் எவரும் ‘சாவி எங்கே தொங்குகிறது?’ என்று முதலில் கேட்டிருப்பார். அயலிலிருந்து வந்தவர்களுக்குக் கிரில் என்பது கள்வரிடமிருந்து காக்கும் ஏற்பாடாகத்தான் தெரியும்.

கழிவறைக் கேள்விக்கு வந்தபோது, பயன்பாட்டிலிருந்த கழிவறை காட்டப்பட்டது. பெட்டிகள் அடுக்கியிருந்த கதவைப் பார்த்து அம்மையார் ‘அது என்ன?’ என்று கேட்டார். ‘பொருள் வைக்கும் அறை’ என்று ஒருவர் பதில் சொன்னார். அது பொய்யல்ல, அந்த நேரத்தில் அது அப்படித்தான் பயன்பட்டது. அம்மையாரும் பிறர் பெட்டிகளைக் கிளறுவது நாகரிகமல்ல என்று விட்டுவிட்டார்.

காய்ச்சல்

முதலில் காய்ச்சல் கண்டவர் அமெரிக்க இளைஞர். உடல்வலியும் கண்ணுக்குப் பின்புற வலியும் கடுமையாக இருந்ததால், ஊரிலிருந்து கொண்டுவந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து இபுப்ரோஃபென் மாத்திரையை விழுங்கினார். அந்தப் பெட்டி இருக்கிறதா என்ற கேள்விக்குப் படிவத்தில் ‘ஆம்’ என்று குறிக்கப்பட்டிருந்தது. டிங்கியில் இரத்தத் தட்டணுக்கள் குறைவதால், இரத்தக் கசிவை அதிகரிக்கக்கூடிய இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டையும் தவிர்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே உகந்தது. இவ்வூரில் இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. அவர் வளர்ந்த ஊரில் டிங்கியே இல்லாததால் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் சற்று இறங்கியது, வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின. நோயறியாதவர்கள் குணமாகிறது என்று நினைக்கும் கட்டம் அது. காய்ச்சல் தணியும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் டிங்கியில் மிகவும் ஆபத்தானது. சென்னை இளைஞருக்கு ஊரில் கண்ட அனுபவம் இருந்ததால் சந்தேகம் வந்தது. தம்பதியரை அழைக்கத் தயங்கி, சபையில் எல்லாரும் ஆண்டி என்று அழைக்கும், முன்பு மருத்துவமனையில் தாதியாக இருந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் வந்து கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, கடைசியா எப்போ சிறுநீர் போனான்?” பதில் திருப்தியாக இல்லாததால் வாடகைக் காரைக்கூட எதிர்பார்க்காமல் தம் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். டிங்கி உறுதியானது. நான்கு நாள் கழித்துச் சபா இளைஞரும் அதே வார்டில் சேர்க்கப்பட்டார். இருவரும் நலமாகத் திரும்பினார்கள்.

டிங்கி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்றாதலால், சுகாதார அலுவலர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பெட்டிகளை நகர்த்திக் கதவைத் திறந்தார்கள். பயன்படுத்தாத கழிவறைப் பீங்கானில் தேங்கிய நீரிலும் ஃபிளஷ் தொட்டியிலும், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்கள் நெளிந்தன. அவற்றோடு மூடியில்லாத இரண்டு பெரிய வாளிகளும் இருந்தன. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டூவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தருகே வால்வு மாற்றும் பணிக்காகப் பினாங்கின் பல பகுதிகளில் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது, அப்போது அங்கிருந்தவர்கள் வாங்கிச் சேமித்தவை அந்த வாளிகள். தடை முடிந்த பிறகும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நிரப்பி வைக்கும் வழக்கம் குடியிருப்போர் மாறியும் தொடர்ந்தது. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 500 வெள்ளி (ரிங்கிட்) அபராத அறிவிப்பு குடியிருந்தவர்கள் பெயரில் எழுதப்பட்டது. நாடு முழுவதும் 2023-இல் 1,20,000-க்கும் மேற்பட்ட டிங்கிச் சம்பவங்கள் பதிவான சூழலில் அலுவலர்கள் கண்டிப்பாக இருந்ததில் வியப்பில்லை.

பிழை எங்கே?

குழுவில் சிலர் உடனே சொன்ன தீர்வு, முன்னறிவிப்பின்றிப் பார்வையிட வேண்டும் என்பது. அதை நான் ஏற்கவில்லை. இளைஞர்கள் சட்டப்படி வயது வந்தவர்கள். அவர்கள் குடியிருக்கும் வீட்டில் திடீரென நுழைவது மரியாதையன்று. இளம்பெண்கள் வீடுகளில் அது இன்னும் மோசம். அதைவிட, திடீர்ச் சோதனைக்கு அஞ்சுபவர்கள் இன்னும் திறமையாக மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். முன்னறிவிப்பால் இந்த நிகழ்வில் இழப்பு ஏதும் ஏற்படவில்லை. சொல்லாமல் வந்திருந்தாலும் அந்தப் பெட்டிகள் அதே இடத்தில்தான் இருந்திருக்கும், அந்தக் கேள்விக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

மதிப்பெண்தான் கெடுத்தது. பார்வை அறிக்கை ஊழிய மேலாளருக்குப் போனது. மாதாந்தரக் கூட்டத்தில் சிறந்த வீட்டுக்குப் பாராட்டு கிடைத்தது. ஒரே தம்பதியர் பாட்டி தாத்தா போல அன்பு காட்டவும், அதே நாளில் மதிப்பெண் போடவும் வேண்டியிருந்தது. சென்னை இளைஞரிடம் பிறகு நான் கேட்டபோது, “பாட்டி மாதிரி வர்றவங்ககிட்ட குப்பையைக் காட்ட மனசு வரல, அங்கிள்” என்றார். அச்சத்தால் மறைப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. அன்பால் மறைப்பதைக் கண்டுபிடிப்பது கடினம். மதிப்பெண் இல்லாதிருந்தால் ‘இந்தக் கழிவறையில் ஃபிளஷ் வேலை செய்யவில்லை’ என்பது புகாராகத் தோன்றியிருக்காது, வேலைக்கான தகவலாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது, கால இடைவெளி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். அதன் முட்டைகள் ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருவர் ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் கொசுவின் பல தலைமுறைகளைத் தவறவிடுகிறார். எனவே பார்வையிடுபவரின் வேலை, அன்றைக்குக் கொசுப்புழு இருக்கிறதா என்று தேடுவதோடு நின்றுவிட முடியாது. வாரந்தோறும் தேங்கு நீரைக் கொட்டும் வழக்கம் அந்த வீட்டில் இருக்கிறதா, அதை யார் செய்கிறார், செய்து காட்ட முடியுமா என்றும் பார்த்தாக வேண்டும். எரிவாயுவும் இப்படியே. இங்கே வீடுகளில் பயன்படும் 14 கிலோ கலனிலிருந்து அடுப்புக்குச் செல்லும் ரப்பர் குழாயில் மெல்ல மெல்ல விரிசல் விழுகிறது. கசியும் வாயு காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்கிறது. அடுப்பு பளபளப்பாக இருப்பதைப் பார்க்கும் கண் குழாயின் வயதைப் பார்ப்பதில்லை.

மூன்றாவது, படிவம் பிறந்த ஊர். குளிர் நாட்டுப் படிவத்தை எறிந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புகை உணர்வி எங்கும் வேண்டியதுதான். ஆனால் உள்ளூர் வீட்டைத் தெரிந்த ஒருவர் அதைத் திருத்தாதவரை, அது ஒவ்வொரு முறையும் இல்லாத வெப்பமூட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கும் நீர் சூடேற்றியை விட்டுவிடும்.

மாற்றியவையும் மாறாதவையும்

மதிப்பெண் நீக்கப்பட்டது. அறிக்கையில் இப்போது ‘உடனே பழுது பார்க்க வேண்டியவை’ என்ற ஒரே பகுதிதான் உண்டு. அது வீட்டுக் குழுவுக்கு வருகிறது, ஊழிய மேலாளருக்குப் போவதில்லை. சிறு பழுதுகளைக் குறிப்பிட்ட தொகைக்குள் அன்றே சரிசெய்யும் அதிகாரம் தம்பதியருக்குத் தரப்பட்டதும், வருகையின் தன்மையே மாறிவிட்டது. பிளம்பரின் எண்ணோடு வருபவரிடம் பழுதை மறைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த பார்வையிலேயே, கடந்த ஆண்டு சொல்லாமல் விட்ட ஒழுகும் குழாய், தளர்ந்த பிளக், 120 வோல்ட்டுக்கான முடி உலர்த்தியை நேரடியாகச் செருகிக் கருகிய அடாப்டர் என்று ஒரு பட்டியலே இளைஞர்களிடமிருந்து வந்தது.

பார்வைக்கு அந்த ஆண்டியும் துணையாகச் செல்கிறார். அவர் சமையலறையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் மூடிய கதவுகளைத் திறக்கச் சொல்கிறார், பிறகு மின்பெட்டிக்குப் போய்ச் சோதனைப் பொத்தானை இளைஞர்களையே அழுத்த வைக்கிறார், பிறகு ‘இப்போ கரண்ட் இல்லை, இருட்டு, புகைன்னு வச்சுக்கோ, கிரிலைத் திற’ என்கிறார். சாவி இப்போது வாசலுக்கருகே, வெளியிலிருந்து கை நீட்டி எடுக்க முடியாத ஓர் ஆணியில் தொங்குகிறது. முதலுதவிப் பெட்டியிலிருந்து இபுப்ரோஃபென் எடுக்கப்பட்டுப் பாரசிட்டமாலும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் வைக்கப்பட்டன. வாராந்தர ஓய்வு நாளில் துணி ஊற வைத்துவிட்டு, பத்து நிமிடம் தேங்கு நீரைத் தேடிக் கொட்டுவது நால்வரின் முறை வேலையாகிவிட்டது. சேமிக்க வேண்டிய நீருக்கு 10 லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில், கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து போடுகிறார்கள்.

அபராதத்தை யார் கட்டுவது என்பதில் உரிமையாளரோடு சில வாரங்கள் இழுபறி இருந்தது. ஃபிளஷ் பழுது தமக்குத் தெரிவிக்கப்படவே இல்லை என்ற அவருடைய வாதம் நியாயமானதே, சபையே கட்டியது. அடுத்த ஒப்பந்தத்தில், பழுதை எழுத்து மூலம் தெரிவித்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், தவறினால் செலவை வாடகையில் கழிக்கலாம் என்ற விதி சேர்க்கப்பட்டுள்ளது.

தீராமல் நிற்பது தம்பதியரின் மாற்றம். அவர்கள் வருவதும் போவதுமாக இருப்பவர்கள். கற்றுக்கொண்டவை அவர்களோடு ஊருக்குப் போய்விடும். புதிதாக வருபவர்கள் மீண்டும் குளியலறைச் சுவரில் அந்தப் பாதுகாப்பைத் தேடுவார்கள். உள்ளூர்த் துணையைப் படிவத்திலேயே நிரந்தரப் பொறுப்பாக எழுத வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறோம். ஊதியமில்லாத ஒருவர் மேல் அந்தப் பொறுப்பைச் சட்டபூர்வமாகச் சுமத்தலாமா என்று மேலிடம் யோசிக்கிறது. ஆண்டியிடம் கேட்டதற்கு, எழுதினாலும் எழுதாவிட்டாலும் போவேன், ஆனால் தமக்குப் பிறகு போக இன்னொருவரை இப்போதே பழக்க வேண்டும் என்றார். இளம்பெண்கள் தங்கும் பட்டர்வொர்த் வீட்டுக்கு அடுத்த முறை அவரோடு சபையின் இளைய உறுப்பினர் ஒருவரும் செல்கிறார்.